மாற்று ஆட்டக்காரியின் பெயர்

ஜார்ஜ் டவுன் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் மகள் சாஃப்ட்பால் ஆடப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். பேஸ்பாலுக்குத் தங்கை முறை ஆட்டம் அது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே பெண்கள் ஆடியிருக்கிறார்கள். மொத்தம் 7 சுற்று. மட்டை பிடிக்கும் வரிசையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி இறங்கினால், வரிசையில் அதே இடம்தான் அவளுக்கும். ஆட்ட ஏட்டில் முதல் பெயருக்குக் கீழேயே அவள் பெயர், சட்டை எண், இறங்கிய சுற்று ஆகியவற்றை எழுத வேண்டும். பேஸ்பாலில் வெளியேறியவர் திரும்ப முடியாது. சாஃப்ட்பாலிலோ, தொடக்கத்தில் ஆடியவள் ஒருமுறை தன் பழைய இடத்துக்கே திரும்பலாம். கணக்கு குழம்புவது இங்கேதான்.

இப்போது கைப்பேசிச் செயலியில் குறிக்கிறார்கள். நல்லதுதான், கூட்டல் பிழை வராது. ஆனால் ஆள் மாறியதை அடுத்த பந்துக்குள் பதியாவிட்டால், புதியவள் எடுத்த ஓட்டம் வெளியே உட்கார்ந்திருப்பவள் பெயரில் ஏறிவிடும். செயலிக்கு முகம் தெரியுமா, என்ன!

இது வெறும் விளையாட்டுக் கணக்கல்ல. பொதுப் பல்கலைக்கழக நுழைவில் 100-க்கு 10 புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. பள்ளிக்காக ஆடியதும் அதில் சேரும். கடைசிச் சுற்றில் இறங்கியவளும் ஆடியவள்தானே? ஆட்டம் முடிந்ததும் பொறுப்பாசிரியரிடம் கேட்டுப் பதிவைப் பாருங்கள். படிக்கத் தெரியாத பாட்டி போயிருந்தாலும், சட்டை எண்ணை வைத்துக் கேட்கலாம். திருத்தம் இருந்தால் இரண்டு அணியின் ஆசிரியர்களும் கலையுமுன் சொல்லிவிடுங்கள்.