பொருந்துவதும் ஒத்துப்போவதும்

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் பழைய கார் ஒன்று வந்து நின்றால் சற்று நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். வர்ணம் அசலா, இருக்கைத் தோல் அசலா, முகப்பு விளக்கு அசலா என்று விசாரிப்பவர்கள் உண்டு. முன்மூடியைத் திறக்கச் சொல்லி, இன்ஜினருகே ரப்பர் குழாயில் இணைந்திருக்கும் அழுத்த உணரியின் எண் என்ன என்று கேட்பவர் அரிது. அந்த எண்ணைக் கேட்கவேண்டும் என்பதே என் வாதம்.

புதுவையில் பழைய கார் என்றதும் பிரெஞ்சு ஆட்சிக்காலம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நான் சொல்லும் பொருள் அக்காலத்தையது அன்று. இங்கே ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. சித்ரோன் டிஎஸ் கார் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானதே 1955 அக்டோபரில்தான். அதில் மின்னணு எரிபொருள் பீய்ச்சல் வந்தது 1969ல். அதற்கு ஈராண்டு முன், 1967ல், ஜெர்மனியின் போஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் 1600 காருக்காக டி-ஜெட்ரானிக் என்ற அமைப்பை வெளியிட்டிருந்தது. அதன் 'டி', அழுத்தம் எனப் பொருள்படும் 'ட்ருக்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. பென்ஸ் 250 சிஇ, வால்வோ 1800இ, போர்ஷே 914 என்று பல கார்கள் அதே அமைப்பை ஏற்றன.

அந்த உணரியின் உள்ளே காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகச் சிமிழ்கள் இருக்கின்றன. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் அழுத்தம் குறைந்தால் அவை விரியும், கூடினால் சுருங்கும். அந்த அசைவு ஓர் இரும்புத் தண்டைக் கம்பிச்சுருளுக்குள் நகர்த்த, சுருளின் மின்தூண்டல் மாறுகிறது. பெட்ரோலைப் பீய்ச்சும் வால்வு எத்தனை மில்லிவினாடி திறந்திருக்கவேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி இந்த மாற்றத்தைக் கொண்டே பெருமளவு தீர்மானிக்கிறது.

வெளித்தோற்றத்தில் இந்த உணரிகள் உடன்பிறந்தவை போலவே இருக்கும். அதே நான்கு முனை இணைப்பு, அதே குழாய்வாய். போஷ் எண்ணின் முதற்பகுதியும் 0 280 100 என்றே தொடங்கும். கடைசி மூன்று இலக்கங்கள்தாம் வேறு. அந்த மூன்று இலக்கங்களில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வோர் இன்ஜினும் மூச்சு விடும் விதம் வேறு என்பதால், அதன் உணரியும் அதற்கென்றே அளவு திருத்தி முத்திரையிடப்பட்டது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் திருகுகள் பொருந்தும், கார் கிளம்பும், சமதரையில் ஓடவும் செய்யும். மேடேறும்போது பெட்ரோல் போதாமல் திணறும் அல்லது மிகுந்துபோய்க் கரும்புகை கக்கும். அறவே ஓடாதிருந்தால் தவறு அன்றே பிடிபட்டிருக்கும். ஓடிவிடுவதுதான் ஆபத்து.

நம் பட்டறைகளின் அறிவு வேறொரு பள்ளியில் உருவானது. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில், ஒரு காரின் உறுப்பு அதே வகையைச் சேர்ந்த இன்னொரு காருக்கு உயிர் கொடுத்தது. கார்புரேட்டரின் திருகைச் சற்றே திருப்பிக் காதால் கேட்டுச் சரிசெய்த மெக்கானிக்குகள் உண்மையிலேயே கலைஞர்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 'இது அதற்கும் சேரும்' என்ற அந்தக் காலத்து நம்பிக்கை இந்த உணரியிடம் செல்லாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் வந்த திருத்தம், முதற்பதிவாகி ஐம்பதாண்டு கடந்த கார்களைத் தொன்மை வாகனமாகப் பதிய வழிசெய்தது. அசல் உருவில் இருக்கவேண்டும். சட்டகம், கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. டி-ஜெட்ரானிக் கார்களின் முதல் தலைமுறை இன்று இந்த வயதைத் தாண்டிவிட்டது. சட்டம் கூட்டைப் பார்க்கும். கடைசி மூன்று இலக்கங்களை உரியவர்தான் பார்க்கவேண்டும்.

அப்படியானால் மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்பவனல்ல நான். உணரியின் உள்ளிருக்கும் தகடு முதுமையில் விரிசல் விடும். அசல் எண்ணில் இன்னொன்று கிடைப்பது எளிதன்று. வேறு எண்ணுள்ளதை வெற்றிடப் பம்பாலும் மின்தூண்டல் அளவியாலும் சோதித்து, இந்த இன்ஜினுக்குத் தக்கபடி அளவு திருத்தமுடியும். செய்யலாம். ஆனால் செய்ததை எழுதிவைக்கவேண்டும்.

புதுவை நகரமண்டபமான மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தது. பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்ட புதுக்கட்டிடம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அது மறுகட்டுமானம் என்பது ஊரறிந்த செய்தி. அதனாலேயே அது பொய்யாகவில்லை. இலக்கிய வாசகர்களுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் உ.வே.சாமிநாதையர். சுவடிக்குச் சுவடி சொல் மாறியபோது ஒன்றைத் தேர்ந்த அவர், மற்றவற்றைப் பாடபேதமாகக் குறித்தும் வைத்தார். சீரில் பொருந்துகிற சொல்லெல்லாம் கவிஞன் இட்ட சொல்லாகிவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பழைய காரும் ஒரு பிரதிதான். கழற்றிய உணரியைத் தூக்கியெறியாமல் அதன் எண்ணையும், புதிதாக மாட்டியதன் எண்ணையும், திருத்திய அளவையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வண்டியோடு வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அடுத்து அந்தக் காரை வாங்குபவருக்கு நாம் தரக்கூடிய பாடபேதக் குறிப்பு அதுவே.