டீச்சருக்கு கிஃப்ட் கார்டு: அன்பா, அழுத்தமா? அமெரிக்கப் பள்ளிகளின் டிசம்பர் கணக்கு

டிசம்பர் முதல் வாரம். நியூ ஜெர்சியிலோ டல்லாஸிலோ பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து நாலு மாசம்தான் ஆகியிருக்கும். வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழும். டீச்சருக்கு ஹாலிடே கிஃப்ட், குடும்பத்துக்கு 20 டாலர், வெள்ளிக்கிழமைக்குள் வென்மோ பண்ணிடுங்க. கூடவே 'கட்டாயம் இல்லை' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் ஆளைப் போட்டுக் குழப்பும். கொடுக்கலைன்னா பிள்ளையை எப்படிப் பார்ப்பாங்க? கொடுத்தா அது லஞ்சமா?

நம்ம ஊரில் ஆசிரியர் தினத்துக்கு ஒரு பேனா, தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் என்று பழகியவர்களுக்கு இது புதுசு. அமெரிக்காவில் டிசம்பர் என்பது நன்றி சொல்லும் மாதம். வீடு சுத்தம் செய்பவர், அபார்ட்மென்ட் காவலாளி, தபால்காரர் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் டீச்சரும் சேர்ந்துகொண்டார். ஆனால் காவலாளி உங்கள் பிள்ளைக்கு மார்க் போடுவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அரசுப் பள்ளி ஆசிரியர் அங்கேயும் அரசு ஊழியர்தான். எனவே பரிசு விதிகள் அவருக்கும் பொருந்தும். நாடு முழுக்க ஒரே விதி கிடையாது; மாநிலத்துக்கு மாநிலம், ஏன், பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம்கூட மாறும்.

அலபாமாவில் நடந்ததைப் பாருங்கள். 2010 டிசம்பரில் அங்கே ஊழல் தடுப்புச் சட்டங்களைக் கடுமையாக்கினார்கள். குறி வைத்தது அரசியல்வாதிகளுக்கு. வலையில் டீச்சர்களும் மாட்டினார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன் மாநில நெறிமுறை ஆணையம் விளக்கம் கொடுத்தது: வீட்டில் சுட்ட குக்கீஸ், காபி மக் போன்ற சின்னப் பொருட்கள் பரவாயில்லை; ஹாம், வான்கோழி, தொகை போட்ட கிஃப்ட் கார்டு எல்லாம் கூடாது. ஒரு வான்கோழிக்கு டீச்சர் விலைபோவாரா என்று ஊரே கேட்டது. பிறகு ஒரு தடவைக்கு 25 டாலர், ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 50 டாலர் என்று வரம்பு வைத்துத் தளர்த்தினார்கள்.

மாசசூசெட்ஸ் விதி இன்னும் கொஞ்சம் யோசித்துச் செய்யப்பட்டது. தனி ஒரு குடும்பம் 50 டாலரோ (நம்ம கணக்கில் 4,000 ரூபாய்க்கு மேல்) அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசு கொடுக்கக் கூடாது. ஆனால் வகுப்பே சேர்ந்து கொடுத்தால் ஒரு கல்வியாண்டுக்கு 150 டாலர் வரை போகலாம். நிபந்தனை ஒன்று: யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது டீச்சருக்குத் தெரியக் கூடாது. 'வகுப்பிலிருந்து' என்று மட்டும்தான் அட்டையில் இருக்கும்.

நியூயார்க் நகரப் பள்ளிகளிலும் கிட்டத்தட்ட இதே எண்ணம்தான். தனி மாணவரிடமிருந்து டீச்சர் வாங்கலாம் என்றால் அது பண மதிப்பு குறைந்த, பாசத்தின் அடையாளமான பொருளாக இருக்க வேண்டும். கொஞ்சம் பெருசாகச் செய்வதென்றால் வகுப்பின் பெயரில். பணம் போடாத வீட்டுப் பிள்ளையின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம் என்பேன். விதி டீச்சரைக் காப்பாற்றுவது போலத் தெரியும். உண்மையில் அது காப்பாற்றுவது 20 டாலர் போட முடியாத வீட்டுப் பிள்ளையை. எல்லா வீட்டிலும் ஐ.டி. சம்பளம் வருவதில்லை. டீச்சர் மேஜையில் பெயர் எழுதிய பைகள் வரிசையாக நிற்கும்போது, தன் பை அங்கே இல்லை என்பது ஏழு வயசுப் பிள்ளைக்குப் புரியும்.

டீச்சர்களுக்கு ஏன் இது பெரிய விஷயம்?

அமெரிக்க தேசிய கல்விப் புள்ளியியல் மையம் 2018-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று. 2014-15 கல்வியாண்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் வகுப்புக்குத் தேவையான பொருட்களைத் தங்கள் சொந்தக் காசில் வாங்கியிருந்தார்கள். சராசரியாக 479 டாலர். இதற்காக வருமானத்தில் கழித்துக்கொள்ள 2022-இல் மத்திய வரிச் சட்டம் அனுமதித்தது வெறும் 300 டாலர்; அதற்கு முன் அதுவும் 250-தான். பென்சிலும் டிஷ்யூ பேப்பரும் கைக்காசில் வாங்குபவரிடம் 'நீங்க ஒரு காபிகூட வாங்கிக்கக் கூடாது' என்று சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்? அரசு கொடுக்க வேண்டியதை கிஃப்ட் கார்டு ஈடுகட்டுகிறது என்ற விமர்சனத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

இந்த இழுபறியே வேண்டாம் என்று ஒரேயடியாகக் கதவைச் சாத்திய நாடும் உண்டு. தென் கொரியாவில் பெற்றோர் டீச்சருக்குப் பண உறை கொடுக்கும் பழக்கத்துக்கு 'சோன்ஜி' என்று தனிப் பெயரே இருந்தது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி கிம் யங்-ரான் பெயரால் அழைக்கப்படும் லஞ்சத் தடுப்புச் சட்டம் 2016 செப்டம்பர் 28-இல் அமலானது. தனியார் பள்ளி ஆசிரியர்களும் அதற்குள் வருவார்கள். மற்ற அரசு ஊழியர்களுக்காவது ஒரு தொகை வரம்பு உண்டு. தனக்குப் பாடம் நடத்தி மார்க் போடும் டீச்சருக்கு ஒன்றுமே கொடுக்கக் கூடாது. மே 15 ஆசிரியர் தினத்தில் ஒரு மாணவி தனியாக ஒரு கார்னேஷன் பூ கொடுத்தாலும் விதிமீறல்தான். மாணவர் பிரதிநிதி எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தால் சரி. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். உறைக்குள் எவ்வளவு வைப்பது என்று கணக்குப் போட்ட பெற்றோருக்கு அது நிம்மதி.

சரி, வாட்ஸ்அப் செய்திக்கு என்ன பதில் போடுவது? முதலில் உங்கள் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் ஊழியர் பரிசு விதியைத் தேடுங்கள். வசூல் பண்ணுகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பட்டியல் டீச்சருக்குப் போகுமா? போகும் என்றால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போட முடியாவிட்டாலும், போட மனமில்லாவிட்டாலும், பிள்ளை கைப்பட நாலு வரி எழுதிக் கொடுக்கலாம். அதற்கு எந்த மாநிலத்திலும் தடை இல்லை. பெற்றோர் எழுதுவதானால், பிரின்சிபாலுக்கும் ஒரு காபி அனுப்புங்கள்.

பிள்ளை ஹைஸ்கூல் கடைசி வருஷம், கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது அதே டீச்சர் என்றால் மட்டும் டிசம்பரில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது நல்லது. கடிதம் போய், கல்லூரி முடிவும் வந்த பிறகு, மே மாதம் ஆசிரியர் பாராட்டு வாரம் வரும். அப்போது கொடுங்கள்.