அச்சில் மண்... காதில் போன்!

கார்த்திகைக்கு வாசலில் ஏற்றி வைக்கிற செராமிக் அகலைத் திருப்பிப் பார்த்தால் ஊர்ப் பெயர் எதுவும் இருக்காது. ஆனால், அது விருத்தாசலம் பக்கத்தில் பிறந்த விளக்காக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம், கம்மாபுரம், நெய்வேலி ஆகியவை ஒரே வட்டாரத்து ஊர்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க அரசுக் கல்லூரியே இருக்கிறது. அகல், பொம்மை, ஜாடி, மின்சார பியூஸ் கேரியர் என்று விதவிதமான சரக்கு இங்கிருந்து வெளியூர்களுக்குப் போகிறது.

இதைச் செய்கிற இடங்களில் பல, சின்னப் பட்டறைகள். குடும்பமும் நாலைந்து ஆட்களும்தான் மொத்த பலம். முதலாளி என்று ஒருவர் இருப்பார். மண் கலக்குகிறவரும் அவரே, சூளைக்குக் காவல் இருப்பவரும் அவரே, பில் போடுகிறவரும் அவரே, பாக்கி வசூலிக்கிறவரும் அவரே.

ஆகவே, எல்லோருக்கும் அவர்தான் வேண்டும். ‘ஐயாயிரம் அகல் சொன்னேனே, லாரியில ஏத்தியாச்சா?’ என்று வெளியூர்க் கடைக்காரர் கேட்பார். ‘அண்ணே, விலையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க’ என்று புதிதாக ஒருவர் வருவார். ஜி.எஸ்.டி கணக்கு கேட்டு ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும். அட்டைப்பெட்டி இறக்க வந்த வேன் டிரைவர் வாசலில் ஹாரன் அடிப்பார். ‘இந்தப் பக்கம் ஒரு வேலை, அப்படியே பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்’ என்று மாமா ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். நடுவில் கரன்ட் போகும்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. எல்லோரும் வேண்டியவர்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வேண்டாதவர் என்றால் விரட்டிவிடலாமே!

மண்ணுக்கும் கடிகாரம் உண்டு

பாதியில் விட்ட கணக்கு நோட்டு, திரும்பி வரும்வரை அப்படியே காத்திருக்கும். மண் காத்திருக்காது.

பொம்மை செய்வதையே எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் மண் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் படிந்து தோல்போலக் கட்டும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். ஒரே கூழ், ஒரே மாதிரி காய்ந்த அச்சு என்றால், பொம்மையின் கனத்தைத் தீர்மானிப்பது நேரம்தான். 10 நிமிடத்தில் கொட்ட வேண்டியதை 20 நிமிடம் விட்டுவிட்டால், கனம் சுமார் 1.4 மடங்காகிவிடும். மண் கூடுதலாகச் செலவாகும். காய்வதற்கு நேரம் பிடிக்கும். ஒரே வரிசையில் ஒன்று மெலிந்தும் ஒன்று தடித்தும் நிற்கும். வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஜாடிக்குக் கைப்பிடி ஒட்டுவது இன்னும் நுணுக்கமான வேலை. ஜாடியும் கைப்பிடியும் ஒரே பதத்தில், பாதி ஈரமாக இருக்கும்போது ஒட்ட வேண்டும். ஒன்று காய்ந்து மற்றது ஈரமாக இருந்தால், ஈரமானது அதிகம் சுருங்கும். ஒட்டிய இடம் விரிசல் விடும். அந்த விரிசல் அன்றைக்கே கண்ணில் படும் என்றும் சொல்ல முடியாது. சூளையிலிருந்து எடுக்கும்போதுதான் பல்லைக் காட்டும். அதற்குள், எந்தப் போனுக்காக எழுந்து போனோம் என்பதே மறந்திருக்கும்.

சூளை கதை தனி. தொடக்கத்தில் ஈரம் மெதுவாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் நீராவி உள்ளே திமிறிப் பொருள் வெடித்துவிடும். ஆயிரம் டிகிரியைத் தாண்டி எரித்து முடித்த பிறகும் நிதானம் வேண்டும். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ், சூடு இறங்கும்போது 573 டிகிரி செல்சியஸ் அருகே சட்டென்று அமைப்பு மாறிச் சுருங்கும். அந்த நேரத்தில் குளிர்காற்று புகுந்தால் நன்றாக வெந்த சரக்கும் கீறல் விடும். ‘லோடு எப்ப வரும், லோடு எப்ப வரும்’ என்ற தொல்லை தாங்காமல் கதவைச் சீக்கிரம் திறந்தால், லோடே வராது!

எழுந்து போனது கால் மட்டும்தான்

‘ரெண்டு நிமிஷம்தானே பேசினேன்’ என்பது எல்லோரும் சொல்கிற சமாதானம். ஆனால், மனது அவ்வளவு சுலபமாகத் திரும்பி வருவதில்லை. 2009-ல் ஆய்வாளர் சோஃபி லெராய் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: கவனத்தின் மிச்சம். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் புதிய வேலையும் முழுதாக நடப்பதில்லை. கடைக்காரரிடம் விலை பேசும்போது மனம் அச்சில் இருக்கிறது. அச்சைக் கவிழ்க்கும்போது மனம் விலையில் இருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2008-ல், குளோரியா மார்க்கும் அவரது சகாக்களும் செய்த சோதனையில் வேறொன்று தெரிந்தது. மின்னஞ்சல் வேலையில் இருந்தவர்களைக் குறுக்கிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் வேலையைத் தாமதமாக முடிக்கவில்லை, சீக்கிரமாகவே முடித்தார்கள். இழந்த நேரத்தை வேகத்தால் ஈடுகட்டினார்கள். ஆனால், அதற்கு விலையாக மன அழுத்தமும் எரிச்சலும் கூடின.

கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் வேகமாகத் தட்டலாம். பட்டறைக்காரருக்கு அந்த வழியும் இல்லை. மண்ணை வேகமாகக் காயச் சொல்ல முடியாது. சூளையை வேகமாக ஆறச் சொல்ல முடியாது. எரிச்சல் மட்டும் அப்படியே மிஞ்சும். அது கூட வேலை செய்கிறவர் மேலோ, சோறு எடுத்துவரும் பிள்ளை மேலோ போய் விழும்.

நம் ஊரில் குறுக்கீட்டையே கலையாக்கியவர்கள் இருந்தார்கள். 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைப்பது என்று அதற்குப் பொருள். பாட்டு கேட்பவர், கணக்கு கொடுப்பவர், மணி அடிப்பவர் என்று ஆளாளுக்குக் குறுக்கிட, எதையும் தவறவிடாமல் பதில் சொல்ல வேண்டும். வியக்க வேண்டிய திறமைதான். ஆனால், அது பல வருடப் பயிற்சி. குறுக்கிடப் போகிறார்கள் என்பது தெரிந்தே அவர் மேடை ஏறினார். முன்னறிவிப்பே இல்லாமல் தினம் தினம் அவதானம் செய்யும்படி பட்டறைக்காரரிடம் கேட்பது நியாயமில்லை.

எது நிற்கும், எது நிற்காது?

குறுக்கீடே இல்லாத பட்டறை வேண்டும் என்றால் அது வியாபாரமே இல்லாத பட்டறை. ஆகவே, ஒழிக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு வரிசைப்படுத்தலாம்.

முதல் வேலை, நாளின் வேலைகளை இரண்டு கூறாகப் பிரிப்பது. கூழ் ஊற்றிக் கொட்டுவது, கைப்பிடி ஒட்டுவது, கிளேஸில் முக்குவது, சூளையின் முக்கியமான கட்டங்கள் - இவை பாதியில் நிற்காதவை. பிசிறு தேய்ப்பது, எண்ணுவது, பெட்டி கட்டுவது, பில் எழுதுவது - இவை நிற்கக்கூடியவை. எழுதிப் பார்த்தால் ஒன்று புரியும். நிற்காத வேலை நாள் முழுக்க இல்லை; சில மணி நேரம்தான். அதை அதிகாலைக்குத் தள்ளிவிடலாம். வெளியூர்க் கடைகள் திறந்து போன் அடிக்கத் தொடங்கும்போது, கையில் பெட்டி கட்டும் வேலை இருந்தால் பேசிக்கொண்டே கட்டலாம்.

இரண்டாவது, நேரத்தைச் சொல்லிவிடுவது. ‘காலை 11 முதல் 1 வரை பேசலாம்’ என்று பில்லிலும் வாசல் பலகையிலும் எழுதிவிடலாம். வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தில் தானாகவே பதில் போகும்படி வைக்க வசதி இருக்கிறது. சரக்கின் படத்தையும் விலையையும் அதிலேயே அடுக்கி வைக்கலாம். ஒரே கேள்விக்கு இருபது முறை பதில் சொல்வது மிச்சமாகும்.

போனை எடுக்காவிட்டால் ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும் என்ற பயம் பொய்யில்லை. சீசனில் அது நடக்கும். அதனால்தான், 11 மணிக்கு என்று சொன்னால் 11 மணிக்குத் திருப்பிக் கூப்பிட வேண்டும். அந்தச் சொல் நாலு முறை காப்பாற்றப்பட்டால் வாடிக்கையாளர் பழகிக்கொள்வார். ஒரு முறை தவறினால் பலகையில் எழுதியது வெறும் சுண்ணாம்பு.

மூன்றாவது, ஒரு சிலேட்டு. எழுந்துதான் ஆக வேண்டும் என்றால், போகும் முன் இரண்டு வரி எழுதுவது: ‘மூணாம் வரிசை, ஊத்தினது 7.10. அடுத்தது கொட்டணும்.’ லெராயும் தெரசா குளோம்பும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. விட்ட இடத்தையும் அடுத்துச் செய்ய வேண்டியதையும் குறித்துவிட்டுப் போனவர்களுக்கு, இடையில் வந்த வேலையிலும் கவனம் நின்றது. சிலேட்டில் இன்னொரு லாபமும் உண்டு. நேரம் எழுதியிருந்தால், பக்கத்தில் இருப்பவரே எடுத்துக் கொட்டிவிடலாம். எல்லாம் முதலாளி தலைக்குள் இருக்கும்வரைதான் எல்லோருக்கும் முதலாளி வேண்டும்.

நான்காவது, அவசரத்துக்கு ஒரு வழி. லாரி நிற்கிறது, கரன்ட் போய்விட்டது, ஆளுக்கு அடிபட்டுவிட்டது - இவை காத்திருக்கக் கூடாதவை. எது அவசரம் என்று ஆட்களிடம் முன்னாலேயே சொல்லி வைத்தால், மற்றதற்கெல்லாம் தோளைத் தட்டமாட்டார்கள்.

போன் யார் கைக்குப் போகிறது?

இவ்வளவும் செய்த பிறகு ஒன்றைப் பார்க்க வேண்டும். முதலாளி போனைக் கீழே வைத்தால் அது யார் கைக்குப் போகிறது? பெரும்பாலும் வீட்டுக்காரம்மாவிடம். அவர் சும்மா இருப்பவர் இல்லை. பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருப்பார். ஒரு முடி அளவு பிரஷ் நகர்ந்தால் முகமே மாறிப்போகும் வேலை அது. நடுவில் குக்கர் விசில், சிலிண்டர்காரர், பள்ளிக்கூட வேன், மாமியாருக்கு மாத்திரை. இப்போது கடைக்காரர் போனும் சேர்ந்துகொள்கிறது.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்களுக்கு அது 97 நிமிடங்கள். அந்த 299 நிமிடம் மொத்தமாக ஒரே பொட்டலமாக வருவதில்லை. பத்து, பத்தாக நாள் முழுக்கச் சிதறி வருகிறது. அவருடைய மற்ற வேலை அந்த இடுக்குகளில்தான் நடக்கிறது.

ஆகவே, ‘பேசும் நேரம்’ என்று ஒருவருக்கு எழுதினால், ‘கண் எழுதும் நேரம்’ என்று மற்றவருக்கும் எழுத வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் போனும் குக்கரும் ஐயாவின் பொறுப்பு. அவர் பெட்டி கட்டும் நேரமாகப் பார்த்து அதை வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. குறுக்கீட்டைக் குறைப்பதும், அதைப் பக்கத்து ஆள் தலையில் கட்டுவதும் வேறு வேறு.

வாங்குகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. பட்டறைக்குப் போன் போட்டு யாரும் எடுக்கவில்லை என்றால், அடுத்தடுத்து ஆறு முறை அடிக்க வேண்டாம். என்ன சரக்கு, எத்தனை, எந்தத் தேதிக்குள், எந்த ஊருக்கு என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். மண் கையோடு நிற்பவர், கையைக் கழுவிவிட்டு வந்து கூப்பிடுவார்.