தவாஃபையே நிறுத்திக்கொண்டோம்; பனிச்சறுக்கை நிறுத்தக் கூடாதா?

பாரிஸ், லண்டன் நகரங்களில் குடியேறி வாழும் நம் காரைக்கால், நாகூர்ப் பகுதிக் குடும்பங்கள் சிலவற்றிலிருந்து 2021ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரே வகையான கேள்வி நமக்கு வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பிப்ரவரி விடுமுறை. ஓராண்டாக வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். பிரான்சில் மலையேற்றும் கம்பிவட ஊர்திகள் ஓடவில்லை; எனவே எல்லை தாண்டிச் சுவிட்சர்லாந்து சென்று, ஒரு வாரம் பனிச்சறுக்குப் பயிற்சி கொடுக்கலாமா? மது பரிமாறாத விடுதி, ஹலால் இறைச்சி, பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர், ரத்து செய்தால் பணம் திரும்பும் முன்பதிவு என யாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டு, இறுதியில் கேட்டார்கள்: "கூடுமா, ஹஸ்ரத்?"

இவ்வளவு நுணுக்கமான கேள்வியில் ஒன்றே ஒன்றைக் காணவில்லை. கொள்ளைநோய்.

பனிச்சறுக்கு ஓர் ஆகுமான விளையாட்டு. அம்பெய்தலையும் குதிரையேற்றத்தையும் ஊக்குவித்த மார்க்கத்தில், பனியில் சறுக்குவதற்குத் தடை தேடி நாம் கிதாபுகளைப் புரட்டப் போவதில்லை. குழந்தைகளின் சிரிப்பொலி கேட்டாலே முகம் சுளிக்கும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்களும் அல்லர். நம் வழக்கு விளையாட்டோடு அன்று. அதற்குத் திட்டமிடும் காலத்தோடும், திட்டமிடும் மனப்போக்கோடும்தான்.

2020 மார்ச் மாதத்தை நினைவுகூர்வோம். ஆஸ்திரியாவின் திரோல் மாநிலத்தில் இஷ்கில் என்றொரு மலையூர். நிரந்தரமாக வசிப்போர் ஏறத்தாழ 1,600 பேர். பருவகாலத்தில் வந்து தங்குவோரோ அதைப்போலப் பன்மடங்கு. அங்கு விடுமுறை கழித்துத் திரும்பியோரிடம் நோய் காணப்பட்டதும், 2020 மார்ச் 5ஆம் நாள் ஐஸ்லாந்து அவ்வூரை ஆபத்துப் பகுதியாக அறிவித்தது. திரோல் அதிகாரிகள் அசைந்து கொடுக்கவில்லை; அவர்கள் விமானத்தில் வரும்போது தொற்றியிருக்கலாம் என்றார்கள். 7ஆம் நாள் அவ்வூர் மதுக்கூடம் ஒன்றின் பணியாளருக்குத் தொற்று உறுதியாயிற்று. விருந்தினருக்கு அது பரவியிருக்க வாய்ப்புக் குறைவு என்று மறுநாளே அறிக்கை வந்தது. ஊரின் மதுக்கூடங்கள் அனைத்தும் மூடப்பட்டது 10ஆம் நாள். 13ஆம் நாள் பள்ளத்தாக்கு முழுவதும் தனிமைப்படுத்தப்படுவதாக அந்நாட்டுப் பிரதமர் அறிவித்தார். அறிவிப்புக் காதில் விழுந்த மாத்திரத்தில் பல்லாயிரம் பயணிகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, ஒரே மலைப்பாதை வழியாக ஐரோப்பா முழுவதும் சிதறினார்கள். ஏப்ரலில் இன்ஸ்புருக் மருத்துவப் பல்கலைக்கழகம் அவ்வூர் மக்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 42.4 விழுக்காட்டினரிடம் இந்நோயின் எதிர்ப்புப் பொருள் இருந்தது. பெரும்பாலோருக்குத் தமக்கு நோய் வந்து போனதே தெரியாது.

அந்த மார்ச் 5 நமக்கும் நினைவிருக்க வேண்டிய நாள். அதே நாளில்தான் மக்காவில் கஅபாவைச் சுற்றியுள்ள மதாஃப் கிருமிநீக்கத்திற்காக வெறுமையாக்கப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பே, பிப்ரவரி 27 அன்று, வெளிநாட்டினரின் உம்ரா நிறுத்தப்பட்டிருந்தது. வெறுமையான அந்த வெண்பளிங்குத் தரையின் படத்தைக் கைப்பேசியில் கண்டு அழாத வீடு நம்மில் எத்தனை? அன்று மாலையும் இஷ்கிலில் இசை முழங்கிக்கொண்டிருந்தது. பின்னர் ஜும்ஆ நின்றது. ரமலானில் தராவீஹ் வீட்டுக்குள் சுருங்கியது. பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்ச முடியாத முதல் ரமலானையும் கண்டோம். ஹஜ்ஜுக்காக ஆயுள் முழுவதும் சேமித்து வைத்த முதியோர் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சவூதியில் ஏற்கெனவே வசித்தோரில் மிகச் சிலர் மட்டுமே அவ்வாண்டு அரஃபாவில் நின்றார்கள். இவ்வளவையும் பொறுத்த ஒரு சமுதாயம், ஒரு வாரச் சறுக்கு விளையாட்டைப் பொறுக்க முடியாது என்று சொல்வதைத்தான் நம்மால் பொறுக்க இயலவில்லை.

"அது போன ஆண்டு, இப்போது பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ளன" என்றார்கள். அடுத்த குளிர்காலத்தின் கதையையும் கேளுங்கள். 2020 டிசம்பரில் பிரிட்டனிலிருந்து வந்தோர் தனிமையில் இருக்க வேண்டுமென்று சுவிட்சர்லாந்து ஆணையிட்டது. வெர்பியே என்னும் மலையூரில் இருந்த சுமார் 400 பிரிட்டானியப் பயணிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டனர். வெங்கன் என்ற ஊரில் ஒரே விருந்தினரிடமிருந்து தொடங்கிய தொற்றால், புகழ்பெற்ற லாவ்பர்ஹார்ன் பந்தயமே 2021 ஜனவரியில் ரத்தாயிற்று. திரோலின் யோக்பெர்க்கில் புதிய உருமாற்றத் தொற்றென ஐயுறப்பட்ட பதினேழு பேரில் பெரும்பாலோர் யார் தெரியுமா? பனிச்சறுக்குப் பயிற்சியாளர் ஆவதற்காகப் பாடம் படிக்க வந்த பிரிட்டானியர். உல்லாசப் பயணம் தடை, தொழிற்பயிற்சிக்கு அனுமதி என்றிருந்த விதியின் வழியே அவர்கள் வந்திருந்தார்கள்.

2021 தொடக்கத்தில் சாங்க்ட் அன்டனில் நடந்தது இன்னும் வெட்கக்கேடு. அப்போது ஆஸ்திரியாவில் விடுதிகள் பயணிகளுக்கு மூடப்பட்டிருந்தன; உள்ளூர்வாசிகள் மட்டும் சறுக்கலாம் என்றிருந்தது. பல நாடுகளைச் சேர்ந்த சுமார் நூறு பேர் அங்கு வந்து, வேலை தேடுவதாகச் சொல்லி உள்ளூர் முகவரியைப் பதிவு செய்துகொண்டு மலையேறினார்கள். காவல்துறை சோதனையிட்டு நடவடிக்கை எடுத்தது. இதற்கு நம் மத்ரஸா வகுப்பறையில் ஒரு பெயர் உண்டு: ஹீலா. சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் நோக்கத்தைக் கொல்லும் தந்திரம். சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்ற தடையைத் தந்திரத்தால் கடந்தவர்களுக்கு நேர்ந்ததைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லும் நாம், எல்லையில் என்ன காரணம் எழுதினால் விடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் விசாரித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் அப்படி விசாரிக்கவில்லையென்றால் அல்ஹம்துலில்லாஹ். இந்தப் பத்தி உங்களுக்கன்று.

"நாங்கள் மதுக்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்க மாட்டோமே" என்கிறார் ஒரு சகோதரர். உண்மை. ஆனால் மலையுச்சிக்குச் செல்லும் மூடிய ஊர்தியில் உங்களோடு நிற்பவர் முந்தைய இரவு எங்கே இருந்தார் என்பதை நீங்கள் கேட்கப் போவதில்லை. காலணி வாடகைக் கடையின் நெருக்கடியும், மதிய உணவுக் கூடத்தின் வெப்பமும் ஹலால், ஹராம் பார்ப்பதில்லை. பயிற்சியாளரையும் எண்ணிப் பாருங்கள். தடுக்கி விழும் குழந்தையை ஆறடி தள்ளி நின்று எவராலும் தூக்கிவிட முடியாது. வாரத்திற்கொரு புதிய குழு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நகரிலிருந்து. நம் பிள்ளையின் மகிழ்ச்சிக்காக அந்த மனிதர் ஏற்கும் ஆபத்து கட்டணத்தில் சேராது. இவை போதாவென்று, கால் முறிந்தால் மருத்துவமனை. மூச்சுத் திணறுவோருக்குக் கட்டில் தேடும் காலத்தில் உல்லாசத்தில் உடைந்த எலும்போடு போய் நிற்பது மார்க்கம் அறிந்தவருக்கு அழகா?

"அங்குள்ளோர் பிழைப்பு என்னாவது?" இது மதிக்கத்தக்க கேள்வி, பயணத்தை நியாயப்படுத்த மட்டும் திடீரென நினைவுக்கு வராமல் இருந்தால் இன்னும் மதிப்போம். மூடச் சொன்ன அரசுதான் ஈடு தர வேண்டும். ஆஸ்திரியா 2020 நவம்பரில் மூடிய விடுதிகளுக்கு முந்தைய ஆண்டு விற்பனை வருவாயில் 80 விழுக்காடு வரை கொடுத்தது. நம் பயணத்தால்தான் அவர்கள் அடுப்பு எரியும் என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

தவக்குல் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன நபிமொழியை எல்லாரும் எடுத்து வருகிறார்கள். இங்கே நினைக்க வேண்டியது வேறோர் ஒட்டக நபிமொழி. நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றோடு கொண்டுவந்து சேர்க்கலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையாதே, இருக்கும் ஊரில் வந்துவிட்டால் தப்பி ஓடாதே என்பது இன்னொரு கட்டளை. இரண்டாம் பாதியை மறந்ததன் விலைதான் மார்ச் 13 மாலை இஷ்கில் மலைப்பாதையில் கண்டது. உமர் (ரலி) அவர்கள் சிரியாவின் எல்லையில் ஸர்க் வரை வந்துவிட்டு, அங்கே நோய் என்று கேட்டதும் படையோடு திரும்பினார்கள். அது பேரரசின் அலுவல், விடுமுறையன்று. உள்ளே இருந்த அபூ உபைதா (ரலி) அவர்களோ தம் மக்களை விட்டு வெளியேறாமல் அங்கேயே உயிர் துறந்தார்கள்.

ஹிஜ்ரி 833இல் கெய்ரோவில் நடந்ததை இமாம் இப்னு ஹஜர் எழுதி வைத்திருக்கிறார்கள். தாம் பெற்ற பெண் மக்களையே கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவான மரணங்கள் இருந்தபோது, மக்கள் நோன்பிருந்து பாலைவெளியில் திரண்டு துஆ செய்துவிட்டுத் திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் மரணம் ஆயிரத்தைத் தாண்டிற்று. துஆவுக்குத் திரண்ட கூட்டத்தின் கதி அதுவெனில், பொழுதுபோக்கத் திரளும் கூட்டத்திற்கு வேறு நியாயம் கற்பிக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

நம்மை உறுத்தும் இன்னொன்றும் உண்டு. அதே 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குச் சென்று வந்தவர்களால் நம் சமுதாயம் முழுவதும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. தாடியும் தொப்பியும் நோயின் அடையாளமாயின. வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டனர் என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டில் சொல்லி வழக்குகளை ரத்து செய்யும் வரை எத்தனை அவமானம்! இஷ்கிலிலிருந்து நோயைச் சுமந்து சென்றோரின் மதத்தையோ உடையையோ எவரும் பேசவில்லை. இந்த அநீதியைச் சுட்டிக்காட்ட நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதே பனிமலைக்கு மறு ஆண்டே நாமே முன்பதிவு செய்துகொண்டு அந்த உரிமையைக் கோர முடியாது.

மூன்று ஊர்களில் மூன்று முன்பதிவு செய்து வைத்து, எது திறக்கிறதோ அதற்குப் போவோம், இன்ஷா அல்லாஹ் என்று எழுதுவோருக்கும் ஒரு சொல். இன்ஷா அல்லாஹ் என்பது அடியானின் பணிவைச் சொல்லும் வார்த்தை. பயண ரத்துக் காப்பீட்டின் பெயரன்று. இன்றே மூன்றையும் விடுவித்து விடுங்கள். முன்பணம் திரும்பாவிட்டால் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பனிதான் வேண்டுமென்றால், வீட்டருகே பனி விழும் நாளில் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஏற்கெனவே சென்று திரும்பியோர், பள்ளிவாசல் நிர்வாகத்திற்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு, உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறை விதித்த நாள்கள் முடியும் வரை ஜும்ஆவுக்கு வராமல் வீட்டில் லுஹர் தொழுங்கள். முதியோர் இருக்கும் வீடாயின் தனி அறையில்.