திருவாதிரை மங்கிய காலம்

புங்குடுதீவுக் கரையில் மார்கழி இரவிலே செந்நிறமாய்த் தோன்றும் திருவாதிரை, 2019 இறுதியில் மங்கத் தொடங்கி, 2020 பெப்ரவரியில் வழமையான ஒளியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே காட்டிற்று. வெறுங்கண்ணுக்கே புலனான மாற்றம்! விண்மீனின் மேற்பரப்புக் குளிர்ந்ததோ என ஐயுற்றனர். அமெரிக்க வானியலாளர் லெவெஸ்க்கும் மாசியும் அதன் நிறமாலையை எடுத்து, இன்ன வெப்பத்தில் ஒளி இவ்வாறிருக்கும் என்று கணித்த மாதிரிகளோடு ஒப்பிட்டனர். கிடைத்தது 3600 கெல்வின். 2004இல் இருந்ததினும் 50 கெல்வினே குறைவு. இச்சிறு குளிர்ச்சி அப்பெரு மங்கலுக்குப் போதாது. தூசு மறைத்தது என்றனர். 2021இல் வெளியான ஆய்வோ குளிர்ந்த பகுதியொன்றையும் தூசையும் சேர்த்தே காரணமாக்கிற்று. மாதிரியை வேதவாக்காய் ஒப்புவிக்கச் செய்யும் பாடமுறையை நான் ஏற்கேன். கணக்கும் காட்சியும் பொருந்தாத இடத்திலன்றோ தூசு அகப்பட்டது? ஆசிரியப் பெருமக்கள் இவ்வாண்டு மார்கழியில் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வாராக. பாடநூல் அன்றிரவு வீட்டில் இருக்கட்டும்.