சாய்ந்தமருதை எப்படி எழுதுவீர்கள்?

"தமிழ்ல அட்ரஸ் வெச்சா கூகுள்ல வராது காக்கா." போன கிழமை, தெரிந்த ஒரு சாரன் கடைக்கு இணையத்தளம் செய்துகொண்டிருந்த தம்பி அடித்துச் சொன்னார். மருதமுனைக் கைத்தறிச் சாரனுக்கான பக்கத்துக்கு அவர் வைத்திருந்த முகவரியில் கடைசியில் இருந்தது ஒரு கேள்விக்குறி, 'பி' எழுத்து, சமக்குறி, நாலு இலக்கம். சாரனா, சவர்க்காரமா, யாருக்குத் தெரியும்?

"சரி, ஆங்கிலத்திலயாவது பேர வைங்க. சாய்ந்தமருதுங்கிற ஊர்ப்பேர எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டேன். அவர் ஒரு விதமாக எழுதினார். மேசையில் கிடந்த பில் புத்தகத்தில் வேறு விதம். ஒருவர் 'த'வுக்கு 'th' போடுகிறார், இன்னொருவர் 't' மட்டும், மூன்றாமவர் 'dh' போடுகிறார். தமிழில் சாய்ந்தமருது சாய்ந்தமருதுதான். தேடுகிறவன் ஒரே எழுத்தில் தேடுகிறான். தெளிவான ஒரு பெயரை விட்டுவிட்டு, நாலு விதமாகச் சிதறும் பெயரைப் பிடித்துக்கொள்வது எந்தக் கெட்டித்தனம்?

கூகுள்காரரே வாசகரின் மொழிச் சொற்களை முகவரியில் வையுங்கள், சொற்களுக்கிடையில் சிறுகோடு போடுங்கள் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரை முகவரிகள் தமிழிலேயே இருக்கின்றன. '.இலங்கை' என்ற முடிவே 2010இல் நமக்குக் கிடைத்துவிட்டது. எத்தனை பேர் தொட்டுப் பார்த்தோம்?

தமிழ் முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வீதக்குறிகளாக நீள்கிறதாம். நீளட்டும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், பைட்டுக்கு மூன்று எழுத்து. சாய்ந்தமருது 108 எழுத்தாகும். அது கணினி தனக்காக எழுதிக்கொள்வது. உலாவியின் மேற்பட்டையில் சாய்ந்தமருது என்றே தெரியும்.

இன்னொரு கொடுமை, தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய முகவரிகளைக் கொன்றுவிடுவது. என் மாமாவின் ஜனாஸா அறிவித்தல் லிங்கைக் கட்டாரிலிருக்கும் மச்சான் பத்திரமாக வைத்திருந்தார். இந்த வருடம் அழுத்தினால் பக்கமே இல்லை. பழையதைப் புதியதற்குத் திருப்பிவிட ஒரு வரி போதும், அதைக்கூடச் செய்யவில்லை. கடைப் பலகையிலும் கலியாணக் கார்டிலும் தமிழைத் துரத்திய அதே அலட்சியம்தான் இது.

தம்பியிடம் தாளில் எழுதிக் கொடுத்தேன்: மருதமுனை-கைத்தறி-சாரன். "நீளமா இருக்கே காக்கா" என்றார். மூன்றே சொல். அவர் வைத்திருந்த நாலு இலக்கத்தை என்னால் இன்றைக்கும் நினைவுபடுத்த முடியவில்லை.