குழந்தை நலம்: பேசிய சொல்லை இழக்கும் குழந்தை

வீட்டில் தமிழ், வாசலில் மராத்தி, கடைத்தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று பல மொழிகளுக்கு நடுவே நம் தாணேத் தமிழ்க் குழந்தைகள் வளர்கின்றன. ஆகவே ஒரு குழந்தைக்குப் பேச்சு தடைப்பட்டால், பல மொழி கேட்டுக் குழம்பிவிட்டது என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். ஊரிலிருந்து வந்த பாட்டியாரோ கண்ணேறு கழிக்கச் சொல்வார். பல மொழி கேட்பதனால் எக்குழந்தையும் பேச்சை இழப்பதில்லை. பேசிக்கொண்டிருந்த சில சொற்களையும் ஒரு குழந்தை மறந்துவிடுமாயின், அதனை உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அத்தகைய இழப்பை உண்டாக்கும் அரிய நோய்களுள் ஒன்றாகிய ரெட் நோயைப் பற்றி இம்மாதம் எழுதுகின்றோம்.

1954-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் ஆந்திரேயாஸ் ரெட், தம்மைக் காண வந்து காத்திருந்தோரிடையே இரண்டு சிறுமியரைக் கண்டார். அன்னையர் மடியில் அமர்ந்திருந்த இருவரும், நீரின்றிக் கை கழுவுவார் போல, ஒரே விதமாகக் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தனர். பழைய குறிப்புகளைப் புரட்டி, அவர்களை ஒத்த வேறு சிறுமியரையும் அவர் கண்டறிந்தார். 1966-இல் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரையை உலகம் பெரும்பாலும் கவனிக்கவில்லை. 1983-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் பெங்ட் ஹாக்பெர்க் தம் கூட்டாளிகளுடன் 35 சிறுமியரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே அப்பெயர் நிலைத்தது. அதுவரை எத்தனை அன்னையர் விடை காணாமல் அலைந்தனரோ!

சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்நோய் காண்கிறது. பிறக்கும்போது குறையொன்றும் தெரியாது. 6 மாதத்திலிருந்து 18 மாதத்திற்குள் தலையின் வளர்ச்சி மந்தப்படத் தொடங்கும். பின்னர் பொம்மையைப் பற்றிய கை பற்றாது. 'அம்மா' என்ற சொல்லும் போய்விடும். நடை தடுமாறும். விழித்திருக்கையில் மூச்சை அடக்குதலும் விரைந்து மூச்சுவிடுதலும் உண்டு. வலிப்பும், முதுகெலும்பு வளைவும் பலருக்கு வருகின்றன; இதயத்தையும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தல் அவசியம். இழப்புக் காலம் கழிந்தபின் நிலை ஓரளவு உறுதிப்படும். பலர் நடுவயது வரை வாழ்கின்றனர்.

காரணத்தை 1999-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஹுடா சோக்பி அம்மையாரின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்.ஈ.சி.பி.2 என்னும் மரபணுவில் நேரும் பிழையே அது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வோர் உயிரணுவிலும் அவற்றுள் ஒன்றே செயற்படும். ஆதலின் மூளையில் சில அணுக்கள் நலமாகவும் சில பழுதாகவும் இருக்கின்றன. நோயின் கடுமையும் சிறுமிக்குச் சிறுமி வேறுபடுகிறது.

இங்கே நம் குடும்பத்துப் பெரியோருக்கு அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. மருமகளின் வயிற்றைப் பழித்தல் பெருந்தவறு. இப்பிழை ஏறக்குறைய எப்போதும் புதிதாகத் தோன்றுவது. அதிலும் பெரும்பாலும் தந்தையின் விந்தணுவிலேயே தோன்றுகிறது. அதற்காகத் தந்தையைப் பழிக்கப் புறப்படவும் வேண்டா; அது எவருடைய செயலாலும் நேர்வதன்று. அத்தை மகனையும் மாமன் மகளையும் மணமுடிக்கும் வழக்கம் வேறு சில மரபு நோய்களைப் பெருக்கும். இந்நோய்க்கு அது காரணமன்று. அடுத்த குழந்தைக்கு வருதல் மிக அரிது. எனினும் மரபணு மருத்துவரைக் கலந்துகொள்வது நலம்.

நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரோஃபினெடைடு சில குறிகளைத் தணிக்கிறது; அவ்வளவே. உடற்பயிற்சி மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் வலிப்புக்கு மருந்துமே அன்றாடத் துணை.

பிறப்பு முதல் 18 வயது வரை குழந்தைகளைச் சோதிக்கும் அரசுத் திட்டமான ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம், 2013 பிப்ரவரியில், அந்நாளில் நம் தாணே மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பால்கரிலேதான் தொடங்கப்பெற்றது. அங்கன்வாடியிலேயே அதைப் பற்றிக் கேட்கலாம். அரிய நோய்களுக்கெனக் குறிக்கப்பெற்ற உயர்சிறப்பு மையங்களுள் பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையும் ஒன்று.

கை உதவாத இச்சிறுமியர் பலர் கண்ணால் பேசுகின்றனர். பால் தம்ளரையும் பழத்தையும் இருபுறமும் காட்டிச் சற்றுப் பொறுத்திருந்தால், வேண்டியதன்மேல் பார்வை நிற்கும். பதில் வர நேரமாகும், அவசரப்படுத்தலாகாது. பிறகு பொருளுக்குப் பதில் படங்களைக் காட்டலாம். அப்படங்களின் கீழே தமிழிலேயே எழுதுங்கள். வீட்டில் அக்குழந்தை கேட்டு வளர்ந்த மொழி அதுவே.